இரண்டுங்கெட்டான் வயது

சென்ற மாதம் நண்பர் ஒருவர் வந்திருந்தார். கொண்டுவந்து வைத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. "பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. வீட்டில் யாரோடும் பேச்சில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான். 'என்னடா ஆகப் போகிறாய்?' என்று கேட்டால், 'நான் யாருன்னே தெரியலை, என்ன ஆகப் போறேன்னு எப்படிச் சொல்றது?' என்கிறான். நீர்தான் கதை எழுதுகிறவராயிற்றே, அவனைச் சரிப்படுத்துகிற மாதிரி ஒரு புஸ்தகம் சொல்லும்" என்றார்.

நாவல் யாரையும் சரிப்படுத்தும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இருந்தாலும் அந்தப் பையனின் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவன் கேட்பது நியாயமான கேள்வி. அதே கேள்வியைக் கேட்கும் புஸ்தகமாவது அவனுக்குக் கிடைக்கட்டுமே என்று அலமாரியைத் துழாவினேன்.

துழாவும்போதுதான் நம் கதைகளின் வறுமை தெரிந்தது. நம் தொடர்கதைகளில் பையன் எட்டு வயதில் மழலை பேசுவான். அடுத்த அத்தியாயத்தில் பட்டதாரியாகிக் காதலிப்பான். குரல் உடையும் பருவத்தில் அவன் எங்கே போயிருந்தான் என்று ஆசிரியரும் சொல்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. நான் எழுதியவற்றிலும் இந்தக் குறை உண்டு. 'இரண்டுங்கெட்டான் வயது' என்று பாட்டிமார்கள் பேர் வைத்தார்கள். அந்த வயதை நாம் கதையிலிருந்தே ஒதுக்கிவிட்டோம்.

மனோதத்துவக்காரர்கள் ஒதுக்கவில்லை. 1950-ல் 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற பொருள்படும் நூலை எழுதிய எரிக் எரிக்ஸன், தன்னைத் தான் இன்னாரென்று அறிந்துகொள்வதே விடலைப் பருவத்தின் தலையாய வேலை என்றார். அவர் கதையே ஒரு நாவல். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தகப்பனார் யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. யூதக் கோவில் பள்ளியில் 'நீ அந்நியன்' என்று கேலி. ஊர்ப் பள்ளியில் 'நீ யூதன்' என்று கேலி. வளர்ப்புத் தந்தையின் பெயரைச் சுமந்து வளர்ந்தவர், 1939-ல் அமெரிக்கப் பிரஜையானபோது 'எரிக்ஸன்' என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னவற்றில் ஒன்று முக்கியம். கடன்காரனுக்குத் தவணை கொடுப்பதுபோல், சமுதாயம் இளைஞனுக்குச் சில வருஷங்கள் அவகாசம் கொடுக்கிறது. அதற்குள் அவன் பல வேஷங்களைப் போட்டுப் பார்க்கலாம், தப்புச் செய்யலாம், திரும்பி வரலாம்.

இந்தத் தவணை கிடைத்தவன் எப்படி இருப்பான் என்பதற்கு ஆர். கே. நாராயண் 1935-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'சுவாமியும் நண்பர்களும்' நல்ல உதாரணம். சுவாமி இன்னும் விடலைகூட அல்ல, பத்து வயதுப் பொடியன். 1930-ம் வருஷத்து ஹர்த்தாலில் மாட்டிக்கொள்கிறான். தலையிலிருந்த தொப்பியை நெருப்பில் போடுகிறான். பள்ளிக்கூடக் கண்ணாடிகளை உடைக்கிறான். தேசத்தின் சரித்திரம் அவனுக்கு ஒரு நாள் விளையாட்டு. மறுநாள் பிரம்படி உண்டு. ஆனால் அன்று ராத்திரி வீடும் உண்டு, அப்பாவும் உண்டு.

தவணை கிடைக்காதவன் கதையையும் ஒருவர் எழுதியிருக்கிறார்: அசோகமித்திரன், 1977-ல் வெளிவந்த '18வது அட்சக்கோடு' நாவலில். அதைத்தான் நண்பருக்கு எடுத்துக் கொடுத்தேன்.

கதை நடப்பது செகந்தராபாத்தில். சந்திரசேகரன் நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் தமிழரின் மகன். 1947 ஆகஸ்டு 15-ல் தேசம் சுதந்திரம் கொண்டாடியபோது, நிஜாம் இந்தியாவிலும் சேரவில்லை, பாகிஸ்தானிலும் சேரவில்லை. ராஜ்யமே இரண்டுங்கெட்டானாக நின்றது. அதற்குள் ஓர் இரண்டுங்கெட்டான் பையன். ஆசிரியர் இந்தப் பொருத்தத்தை எங்கும் சொல்லிக் காட்டுவதில்லை. பையன் வீட்டு மாட்டைத் தேடி அலைகிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். முஸ்லிம் நண்பர்கள் நேற்றுவரை வெறும் நண்பர்கள், இன்று முஸ்லிம்கள். அவன் நேற்றுவரை சந்திரசேகரன்; இன்று ஹிந்து. யாரும் அவனைக் கேட்டுக்கொண்டு அதைச் செய்யவில்லை.

எழுதியிருக்கும் முறையையும் கவனிக்க வேண்டும். நாவல் சில இடங்களில் 'அவன்' என்று படர்க்கையில் போகும். சில இடங்களில் 'நான்' என்று தன்மைக்கு மாறும். முதலில் வாசித்தபோது இதை ஆசிரியரின் அஜாக்கிரதை என்றே நினைத்தேன். இரண்டாம் முறைதான் புரிந்தது. கண்ணாடி முன் நிற்கும் பதினாறு வயதுப் பையன், தன்னை 'நான்' என்றும் பார்க்கிறான், 'அவன்' என்றும் பார்க்கிறான். இரண்டும் ஒன்றாகச் சேரவில்லை என்பதுதானே அவன் கஷ்டம்!

1948 செப்டம்பர் 13-ம் தேதி இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் காரியம் முடிந்தது. அதற்கு முன் ரஜாக்கர்கள் செய்த அட்டூழியங்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதற்குப் பின் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைப் பற்றி அதிகம் பேசவில்லை. பண்டித சுந்தர்லால் தலைமையில் சென்ற குழு, மாண்டவர்கள் இருபத்தேழாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் பேர்வரை இருக்கலாம் என்று கணித்தது. அந்த அறிக்கை பல பத்து வருஷங்கள் வெளிவராமலே கிடந்தது. சர்க்கார் பூட்டி வைத்ததை நாவலாசிரியர் ஒரே காட்சியில் சொல்லிவிட்டார்.

கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிடுகிறான். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம் நடுங்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஓர் இளம்பெண், ஏறக்குறைய அவன் வயதுக்காரி, முன்னால் வருகிறாள். தன் மனிதர்களை விட்டுவிடும்படி மன்றாடி, அதற்கு விலையாகத் தன் உடைகளைக் களைகிறாள். அவன் ஓடுகிறான். நாவல் அந்த ஓட்டத்தோடு நிற்கிறது.

அவன் யாரையும் அடிக்கவில்லை, கையில் ஆயுதமில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் அவன் கொலைகாரன், அதைவிடக் கேவலமானவன். நான் யார் என்று இருநூறு பக்கங்களாகத் தடவிக்கொண்டிருந்தவனுக்கு விடை கிடைத்துவிட்டது. அவன் உள்ளத்திலிருந்து அல்ல, இன்னொருத்தியின் பயத்திலிருந்து. எரிக்ஸன் சொன்ன வேஷங்களில் எதையும் அவன் விரும்பிப் போட்டுப் பார்க்கவில்லை. ஊர் அவனுக்கு ஒரு வேஷத்தை மாட்டிவிட்டது. அதைக் கழற்றி எறிய முடியாது, ஓடத்தான் முடியும். மனிதனுக்குத் தன்னறிவு தியானத்தில் பிறப்பதாக நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது பெரும்பாலும் மற்றவர் நம்மைப் பார்க்கும் பார்வையில்தான் பிறக்கிறது என்பதை இத்தனை கசப்பாகச் சொன்ன வேறொரு தமிழ் நாவலை நான் வாசித்ததில்லை.

குறையில்லாத நாவல் அல்ல. நடுப்பகுதியில் சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. வாசகர் அயர்ந்துவிட இடமுண்டு. இன்னொன்று என்னை அதிகமாக உறுத்துகிறது. பையனின் வயது நமக்கு ஒரு புஸ்தகம் முழுக்கக் கிடைக்கிறது. அந்தப் பெண் ஒரு பக்கத்தில் வந்து மறைகிறாள். அவளுக்கும் அதே வயதுதானே? நான் யார் என்று அவளும் ஒரு கண்ணாடி முன் நின்றிருப்பாளே? அவளுக்கு யார் தவணை கொடுத்தார்கள்? இதை அசோகமித்திரனின் தவறு என்று சொல்ல மாட்டேன். அவர் தாம் பிறந்து வளர்ந்த ஊரை, தாம் அந்த வயதில் கண்ட கண்களால் எழுதினார். அவள் பக்கத்துக் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. எழுத வேண்டியவர்கள் மற்றவர்கள்.

பத்து நாள் கழித்து நண்பர் புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். "நான் முதலில் படித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம் இருக்கிறதே, அதை எப்படி ஐயா ஒரு பதினாறு வயதுப் பையன் கையில் கொடுப்பது?"

"அது நடந்தபோது அந்தப் பையனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அவ்வளவுதான் வயது" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. காப்பியைக் குடித்தார். போகும்போது புஸ்தகத்தை என் மேஜைமேல் வைத்தார்; வாசல்வரை போனவர் திரும்பி வந்து அதை எடுத்துக்கொண்டு போனார்.