இரு பக்கம் காற்று, ஒரே பக்கம் சுற்று

அந்தமானின் சௌல்தாரியில் எங்கள் வீட்டு விளக்கு டீசலில்தான் எரிகிறது என்பதை, அப்பாவின் சட்டை வாசனையிலிருந்தே நான் தெரிந்துகொண்டேன். ஜெனரேட்டர் மெக்கானிக் அவர். ஒரு மழை நாளில், லாரி எஞ்சினிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவி, மேல்மூடியை எடுத்துவிட்டு என் கையில் கொடுத்தார். "ஊது பாப்பா" என்றார். ஊதினேன். உள்ளங்கை அகலச் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றியது. நான் ஊதுவதை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எஞ்சின் வேணாம்னு வெளிய விடுற புகைதான் இந்தப் பக்கம் சுத்த வைக்குது. அதே அச்சுல அந்தப் பக்கம் இருக்கிற சக்கரம் எஞ்சினுக்குக் காத்தை அழுத்திக் குடுக்குது. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போகும்."

லட்சம்! அன்று பிடித்தது இன்றுவரை விடவில்லை. மெக்கானிக்கல் படித்தேன், அதிலும் சுழலும் சக்கரங்களையே தேடிப் போனேன். இன்று டர்பைன் ஆராய்ச்சிதான் என் பிழைப்பு. இந்த வேலைக்கு ஒரு நாளாவது அலுப்போடு போயிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

என்ன வேலை என்று ஊரில் கேட்பார்கள். ஓடுகிற காற்றோ தண்ணீரோ நீராவியோ பிளேடின் வளைவைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான். காற்று கண்ணுக்குத் தெரியாதே, எப்படிப் பார்ப்பது? பிளேடின் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன நூல் துண்டுகளை ஒட்டுவோம். காற்று ஒழுங்காக வழுக்கிப் போனால் எல்லா நூலும் நாற்று மாதிரி ஒரே பக்கம் படுத்திருக்கும். கோணம் கொஞ்சம் கூடினால், பின்விளிம்புப் பக்கத்து நூல்கள் முதலில் துடிக்கும், பிறகு தலைகீழாகத் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும். காற்று பிளேடை விட்டுப் பிரிகிற நொடி அது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்ப்யூட்டரில் ஆயிரம் வண்ணப்படம் வரையலாம், அந்த நூல் திரும்புவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

பிளேடு முனைக்கும் அதைச் சுற்றியுள்ள கேசிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி இன்னொரு அதிசயம். அதில் அரை மில்லிமீட்டர் கூடினாலே திறன் குறைவது கருவியில் தெரிந்துவிடும். ஒருமுறை, அழுத்தம் அளக்கும் ரப்பர் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்ததால், இரண்டு மாத அளவீடுகளையும் தூக்கிப் போட்டோம். மறுபடி முதலிலிருந்து எடுத்தோம். அந்த இரண்டாவது சுற்றில்தான், இந்த இடைவெளி வழியே காற்று நழுவும் முனைக்கசிவை நான் உண்மையாகவே புரிந்துகொண்டேன்.

ஆனால் என் மனசு முழுக்கக் கடலில்தான். தீவில் பிறந்தவள், வேறெங்கே போகும்!

அலையிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு வழி உண்டு. கடலுக்குள் அடிப்பக்கம் திறந்த ஒரு கான்கிரீட் அறை. அலை ஏறினால் உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளப்படும், இறங்கினால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கடல் மூச்சு விடுவது போல. சிக்கல் என்னவென்றால், காற்று சில நொடிக்கொருமுறை திசை மாறும். சாதாரண டர்பைன் அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் தள்ளாடும். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் வெல்ஸ் 1970களில் இதற்கு விடை சொன்னார். உலோகத்தில் விரிசல் விழுவதையும் வெல்டிங்கையும் ஆராய்ந்து பேர் எடுத்தவர் அவர்! மேல்பாதியும் கீழ்பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும் பிளேடுகளை, சுற்றும் தளத்திலேயே தட்டையாகப் பொருத்தினார். சக்கரம் ஓடத் தொடங்கிவிட்டால், காற்று மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் பிளேடுக்குச் சாய்வாகத்தான் வந்து சேரும். இரண்டு நிலையிலும் பிளேடு முன்னால்தான் இழுக்கப்படும். வால்வு இல்லை, திருப்பும் கருவி இல்லை. அதைக் காகிதத்தில் அம்புக்குறி போட்டு நானே வரைந்து, இரண்டு படத்திலும் விசை ஒரே பக்கம் சாய்வதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

இது வெறும் வெளிநாட்டுக் கதையும் இல்லை. 1991இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சென்னை ஐஐடிக்காரர்கள் 150 கிலோவாட் அலைமின் நிலையம் அமைத்தார்கள். முதலில் இருந்தது வெல்ஸ் டர்பைன்தான். அதற்கு ஒரு குறை உண்டு: அலை பெரிதானால் காற்று பிளேடை விட்டுப் பிரிந்துவிடும், என் நூல்கள் திரும்பினவே, அதே சங்கதி. பிறகு பிறை வடிவப் பிளேடுகளும், இரு பக்கமும் கண்ணாடி பிம்பம் போல் வழிகாட்டித் தகடுகளும் கொண்ட இம்பல்ஸ் டர்பைனை அங்கே வைத்துப் பார்த்தார்கள். வேகம் குறைவு, ஆனால் சிறிய அலை பெரிய அலை இரண்டுக்கும் தாக்குப்பிடிக்கும். இன்று அந்த நிலையம் இயங்கவில்லை. அங்கே கிடைத்த பாடங்களின் மேல்தான் நானும் உட்கார்ந்து வேலை செய்கிறேன், அந்த மனிதர்களை நினைக்காத வாரம் இல்லை.

எங்கள் தீவுகளுக்கும் டர்பைன் கதையில் பங்கு உண்டு. திக்லிப்பூர் பக்கம் கல்போங் ஆற்றில் 2001 முதல் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருக்கிறது. மெயின்லேண்டில் இதை ஒரு கணக்காகவே எடுக்க மாட்டார்கள். டீசலைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து எரிக்கும் ஊருக்குத்தான் அதன் அருமை தெரியும். ரட்லாண்ட் தீவுக்கும் தெற்கு அந்தமானுக்கும் இடையே உள்ள மெக்பெர்சன் ஜலசந்தியில், தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீரோட்டத்தில் சுற்றும் டர்பைனை இறக்கிச் சோதித்திருக்கிறது. நம்ம வீட்டு வாசலில்! லீவில் வரும்போதெல்லாம் அப்பாவை அந்த ஜலசந்திப் பக்கம் சிடியா தப்புக்கு அழைத்துப் போவேன். ஏற்றம் வற்றமாகத் திரும்பும் நேரத்தில், தண்ணீர் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கும். அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். "இதுக்கும் டர்போ வைக்கலாம் இல்ல?" என்று ஒருநாள் கேட்டார். வைக்கலாம்ப்பா, வைக்கலாம்.

வரும் திங்கட்கிழமை என் புதிய சக்கரம் பட்டறையிலிருந்து வருகிறது. பிறைப் பிளேடு, முனை இடைவெளி முன்னதைவிடக் குறைவு. நூல் துண்டுகளை இப்போதே வெட்டி டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன்.