தேய்ந்த டயரும் அச்சிட்ட தாளும்

கொழும்பில் ஒருவர் சில வருஷங்கள் ஓட்டிய வேகக் காரை இன்னொருவருக்கு விற்க முற்படும்போது, அதற்கு நான்கு புதிய டயர்களைப் பூட்டி, சக்கரங்களின் கோணங்களைக் கணினியில் அளந்து திருத்துவித்து, இலக்கங்கள் யாவும் பச்சை நிறத்தில் விழுந்த ஓர் அச்சுத் தாளையும் ஆவணங்களோடு சேர்த்துக் கொடுப்பது இன்று ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டது. வாங்குபவர் அந்தத் தாளைக் கண்டதும், காரின் கீழ்ப்பாகத்தைப் பற்றி இனிக் கவலை வேண்டியதில்லை என்று மனம் ஆறுகின்றார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டயர்க் கடைகளில் நாள்தோறும் நடைபெறும் இந்த வீல் எலைன்மென்ட் என்னும் சேவையைப் பழிப்பது என் நோக்கமன்று. அது அவசியமானது, பலருடைய பணத்தையும் சிலருடைய உயிரையும் காப்பது. ஆனால் அது செய்யப்படும் வரிசை பிழையானது என்பதும், அந்தப் பிழை சாதாரணக் கார்களில் சிறு நஷ்டத்தோடு முடிய, வேகக் கார்களில் பெருங்கேடாக விளைகின்றது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இந்த விஷயம் இப்போது கூடிய கவனத்துக்குரியதாகியிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி முடையினால் 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஜப்பானிலிருந்து முன்னரே வந்து சேர்ந்த சுபாரு இம்பிரெசா, மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், ஹொண்டா சிவிக் டைப் ஆர் முதலிய கார்கள் நாட்டுக்குள்ளேயே கைமாறிக் கைமாறி வயதேறின. டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் என்றிருந்த நாணய மதிப்பு 2022 இல் 360 ஐயும் தாண்டிச் சரிந்தபோது டயரின் விலையும் கூடவே ஏறியது. ஹெனரத்கொடைப் பூங்காவில் 1876 இலேயே றப்பர்க் கன்றை நாட்டிய தேசத்தில், 225/45 ஆர் 17 என்ற அளவுள்ள நல்ல டயர் ஒன்றுக்காக மாதச் சம்பளத்தில் ஒரு பெரும்பகுதியை ஒதுக்க நேர்வது வருந்தத்தக்கதே. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயர் அதன் ஆயுளில் பாதியைக்கூடக் காணாமல் உள்விளிம்பில் மட்டும் வழுக்கையாகிவிடுமாயின், அதை விதியென்று விட்டுவிட முடியாது.

சேவையின் சிறப்பை முதலிற் சொல்லிவிடுவதே நியாயம். மேலிருந்து பார்க்கும்போது ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ திரும்பி நிற்கும் அளவையே டோ என்கின்றோம். டயரை விரைவில் தின்னுகின்ற கோணங்களுள் இதுவே தலையாயது. அது ஒரு பாகையின் மூன்றிலொரு பங்கு பிசகினாலும், கார் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்த டயர் ஏறக்குறைய 6 மீட்டர் தூரம் பக்கவாட்டாக உரசப்பட்டதற்குச் சமமாகும். கொழும்பிலிருந்து காலிக்கு ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் அவ்வுரசல் ஒரு கிலோமீட்டரையும் கடந்துவிடும். முன்சக்கரங்களின் இந்தப் பிசகைச் சொற்ப நேரத்தில், ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதான கூலிக்குத் திருத்தித் தருகின்ற கடைகள் நகரமெங்கும் இருப்பது நமக்கு வாய்த்த நன்மை. அன்றியும், நம் வீதிகளில் மிகுதியாக ஓடும் விட்ஸ், அக்சியோ, வெகன் ஆர் போன்ற சிறு கார்களில் பின்னச்சு ஒரே இரும்புத் தண்டாக அமைந்திருப்பதனால், அங்கே திருப்பித் திருத்துவதற்கு ஆணியும் இல்லை, அவசியமும் பெரும்பாலும் இல்லை. "முன்னுக்கு மட்டும் செய்தால் காணும், அண்ணே" என்று கடைப் பையன் சொல்வது அந்தக் கார்களுக்கு முற்றிலும் சரியான ஆலோசனை. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. நூறு கார்களில் தொண்ணூறுக்குப் பொருந்தும் ஒரு விதியை மிச்சமுள்ள பத்துக்கும் சேர்த்துச் சொல்கின்றான்.

அந்தப் பத்தில்தான் நம்முடைய வேகக் கார்கள் அடங்குகின்றன. இம்பிரெசாவிலும் எவலூஷனிலும் பின்சக்கரங்கள் ஆர்ம் எனப்படும் தனித்தனிக் கைகளால் தாங்கப்படுபவை. அவற்றின் டோவைத் திருத்துவதற்கென்றே மையம் விலகிய ஆணிகள் உற்பத்திச்சாலையிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு பக்கமாகச் சற்றே திரும்பி நின்றால், கார் நேராகப் போவதுபோலத் தோன்றினாலும் உண்மையில் உடலைக் கோணலாக்கிக்கொண்டே ஓடுகின்றது. அதை நேராக்குவதற்கு ஓட்டுபவர் தம்மையறியாமலே ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பிப் பிடிக்கின்றார். அத்தகைய காரின் முன்சக்கரங்களை மட்டும் திருத்தி, ஸ்டியரிங்கையும் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால், நோயின் அறிகுறி மறைகின்றது, நோய் அப்படியே இருக்கின்றது. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கராஜ் வைத்திருந்த பழைய பாஸ்மார், கணினி வருவதற்கு முன், காரின் இருபுறமும் நூல் பிடித்து, நான்கு சக்கரங்களையும் அந்த நூலுக்கு ஒப்பிட்டு அளந்தார்கள். நேரம் பிடிக்கின்ற, முழங்கால் நோகின்ற வேலை அது. ஆயினும் பின்சக்கரத்தைப் பாராமல் முன்சக்கரத்தைத் தொடுவதென்பது அந்த முறையில் இயலவே இயலாது. புதிய யந்திரமும் நான்கு சக்கரங்களையும் அளக்க வல்லதுதான். குறை யந்திரத்தில் இல்லை. அதில் பாதியை மட்டும் பயன்படுத்திவிட்டு முழுவதற்கும் சான்று எழுதுகின்ற பழக்கத்தில் இருக்கின்றது.

இனி, டயரையே பார்ப்போம். நிறுத்தி வைத்த காரின் முன்சக்கரத்தை முழுவதும் ஒரு பக்கம் திருப்பி, கையைச் சக்கரத்தின் பின்னால் விட்டு, டயரின் முகத்தில் உள்ளங்கையை உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கும், மறுபடி வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கும் தடவிப் பார்த்தால், கண்ணுக்கு எட்டாத ஒரு செய்தி கைக்கு எட்டும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் அரத்தின் பற்களைப் போல் சுரசுரப்பாகவும் இருந்தால், கோளாறு டோவில். அத்தகைய சுரசுரப்பு இன்றி ஒரு விளிம்பு மட்டும் ஒரே சீராகக் கரைந்திருந்தால், சக்கரம் மேற்புறத்தில் உள்ளே சாய்ந்தோ வெளியே சாய்ந்தோ நிற்கின்ற கம்பர் என்னும் கோணத்தில். இரண்டும் கலந்திருந்தால், அதுவே பதித்த காரில் மிகுதியாகக் காணப்படுவது: ஸ்பிரிங்கை வெட்டியோ மாற்றியோ காரின் உயரத்தைக் குறைத்தவுடன் கம்பரும் டோவும் ஒருங்கே மாறிவிட, பின்னர் ஒருவரும் அவற்றைத் திருத்தவில்லை என்பதற்கு அது அடையாளம். பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோர்பர் பழுது. நடுவிலோ இரு விளிம்பிலுமோ தேய்ந்திருந்தால் காற்றின் அளவு பிழை. இவ்வளவையும் ஒரு பழைய டயர் செலவின்றிச் சொல்லிவிடுகின்றது. இவற்றுள் உள்விளிம்புத் தேய்மானமே மிக அபாயமானது. ஏனெனில் நின்று பார்ப்பவருக்கு வெளிப்புறத்தில் பள்ளங்கள் ஆழமாகத் தெரிய, உட்புறத்தில் இரும்பு நூல் வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், தென்மேற்குப் பருவ மழையில், அந்த டயர் என்ன செய்யும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கம்பரைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கட்டுக்குருந்தை ஓடுபாதையிலோ, நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றத்திலோ கலந்துகொள்ளும் காருக்குச் சக்கரங்களை உட்புறமாக இரண்டு மூன்று பாகை சாய்த்து வைப்பது பிழையன்று, அறிவு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சாய, பாரம் முழுவதையும் ஏற்கின்ற வெளிச்சக்கரமும் அதனோடு சாய்ந்துவிடுமாதலால், முன்கூட்டியே உட்புறம் சாய்த்து வைத்த டயர் அந்தக் கணத்தில் தரையைத் தன் முழு அகலத்தாலும் பற்றிக்கொள்கின்றது. அந்தக் கோணத்தின் நியாயம் வளைவில் இருக்கின்றது. கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வழியாகத் தெஹிவளை வரை ஏறக்குறைய நேர்கோடாகச் செல்லும் காலி வீதியில், பஸ்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் இடையே ஊர்ந்து போகின்ற காருக்கு அத்தகைய வளைவு எங்கே இருக்கின்றது? பந்தயத்துக்கென அமைத்த கோணத்தை மாற்றாமல் காரை விற்பவரும், அந்தச் சாய்வின் அழகில் மயங்கி அதை அப்படியே வைத்துக்கொள்பவரும், டயரின் உள்விளிம்பை நாள்தோறும் வீணே செலவழிக்கின்றனர். எனினும் பூச்சியம் பாகைதான் சரி என்று கடைக்காரர் ஒருவர் அடம்பிடித்தால், அவரோடும் நான் உடன்படேன். அக்காரின் இயல்பான கைப்பிடிப்பை அழித்துவிட்டுக் காப்பாற்றிய டயரால் என்ன பயன்? உற்பத்தியாளர் குறித்த அளவுக்குத் திருப்புவதே வீதிக்கு ஏற்றது.

வரிசை பிழையென்று முன்னே சொன்னதை இனி விளக்குகின்றேன். கைகளைத் தாங்கும் றப்பர் புஷ்கள் வெடித்திருக்க, பால் ஜொயின்ட்டும் டை ரொட் எண்டும் ஆட்டங்கண்டிருக்க, அந்தக் காரை யந்திரத்தில் ஏற்றிக் கோணம் பார்ப்பது, ஆடுகின்ற முக்காலியில் தராசை வைத்துப் பொன் நிறுப்பதற்கு ஒப்பானது. அளந்த கணத்தில் இலக்கம் சரியாகவே இருக்கும். காரை இறக்கி முதல் தடவை பிறேக் பிடித்ததும் அது வேறாகிவிடும். நமது நகரத்தின் கடற்காற்று இதனுடன் இன்னொரு சங்கடத்தையும் சேர்க்கின்றது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக வருஷக்கணக்கில் நின்ற காரின் அடியில் போய்ப் பார்த்தால், பின்சக்கரத்தைத் திருத்தும் ஆணி அதன் உறையோடு துருவால் ஒட்டி, தலை உருத்தெரியாமல் உதிர்ந்திருக்கும். அந்த ஆணியை வெப்பமூட்டியோ வெட்டியோ எடுத்துப் புதியதைப் போடுவது ஒருநாள் வேலை; எலைன்மென்ட்டுக்கு வாங்கும் கூலியில் அதற்கு இடமில்லை. ஆதலால் தொழிலாளி அதைத் தொடாமல் விடுகின்றான், தாளில் அந்த இலக்கம் சிவப்பாகவே விழுகின்றது, காரின் சொந்தக்காரர் மற்ற இலக்கங்களின் பச்சையைக் கண்டு நிம்மதியடைகின்றார். பஞ்சிகாவத்தையில் புஷ்ஷும் ஆணியும் கிடைக்கும். அவற்றை மாற்றிய பின்னரே யந்திரத்துக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

வீதிகளின் குற்றமும் சிறிதன்று. துறைமுகத்துக்குப் போய்வரும் கொள்கலன் லொறிகள் கொட்டாஞ்சேனைப் பக்கத்து வீதிகளைக் குழியாக்குகின்றன. இடப்புறம் ஓட்டுகின்ற நாடாகையால் வடிகால் மூடிகளிலும் நடைபாதை விளிம்பிலும் மோதி அடிவாங்குவது பெரும்பாலும் இடது முன்சக்கரமே. பருமன் குறைந்த பக்கச் சுவருள்ள டயர் அந்த அடியைத் தான் ஏற்காமல் கைகளுக்குக் கடத்திவிடுகின்றது.

நான்கு சக்கரங்களும் இழுக்கின்ற காரை வைத்திருப்பவர்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை. தேய்ந்த இரண்டு டயர்களை மட்டும் மாற்றி மிச்சப்படுத்துவது நம்மவர் வழக்கம். சுபாரு நிறுவனத்தாரோ நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்குள், ஒத்திருக்க வேண்டுமென்று விதிக்கின்றனர். டயரின் முகம் 1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்துவிடும் என்பது சாதாரணக் கணக்கு. ஆகவே 3 மில்லிமீட்டர் தேய்ந்த பழைய சோடியோடு புதிய சோடியைச் சேர்த்தால், முன்னும் பின்னும் சுழலும் வேகம் ஓயாது வேறுபட்டு, நடுவிலுள்ள டிபரன்ஷியல் இடைவிடாமல் உழைத்துச் சூடாகிப் பழுதாகும். இரண்டு டயரில் மிஞ்சிய பணம் அதன் பழுதுபார்ப்புக்குக் கிட்டவும் வராது. சீரற்ற தேய்மானம் இந்த வகைக் கார்களில் டயரோடு நிற்பதில்லை என்பதை வாங்குபவர்கள் நன்றாக மனத்திற்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தீங்கு, விற்பனைக்கு முந்திய நாள் பழைய டயர்களைக் கழற்றி எறிந்துவிடுவதில் இருக்கின்றது. காரின் முறுகல், மோதல், கவனக்குறைவு எல்லாம் அந்த டயர்களிலேதான் எழுதப்பட்டிருந்தன. அவை போனபின், புதிய டயரும் புதிய தாளும் ஒன்றையும் சொல்லா. விற்பவர் எல்லோரும் வஞ்சகரென்று நான் கருதவில்லை. நல்ல டயரோடு கொடுப்பது மரியாதை என்றே பலர் மனமார எண்ணுகின்றனர். விளைவு இரண்டிலும் ஒன்றே. இதற்குப் பரிகாரம் கடினமானதன்று. யந்திரம் திருத்துவதற்கு முந்திய அளவுகளையும் பிந்திய அளவுகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட வல்லது. முந்திய அளவுகளே உண்மையான சரித்திரம். அவை இல்லாத தாளை, பச்சை எத்துணையானாலும், சான்றாக ஏற்கக்கூடாது. டயரின் பக்கத்தில் பொறித்த நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2318 என்றிருந்தால் அது 2018 ஆம் வருஷத்தின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. நான்கிலும் அந்த இலக்கம் விற்பனைக்கு அண்மையதாக இருந்தால், கழற்றியவை எங்கே என்று கேளுங்கள். டயர்க் கடைக்காரர்களையும் நான் வேண்டுவது இதுவே: வேகக் கார் ஒன்று வந்தால், யந்திரத்தில் ஏற்றுமுன் ஜக்கில் உயர்த்தி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கூலியை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்க வருபவர் தம் பங்குக்குப் பழைய டயர்களைக் காட்டும்படி கேட்க வேண்டும். அவையும் இல்லை, முந்திய அளவுகளும் இல்லை என்றால், சக்கரங்களைத் தாங்கும் பாகங்கள் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும். அதற்கு விற்பவர் இணங்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிட வேண்டும்.