தப்பு செஞ்சவர் ஒருத்தர், தடை கருவிக்கு

நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்தது 2025 ஜூன் 5-ல். அதே மாதத்திலேயே, கேம் நகல்களை ஓட்டும் 'மிக் ஸ்விட்ச்' கார்ட்ரிட்ஜைச் செருகிய கருவிகள் ஆன்லைன் சேவையிலிருந்து துண்டிக்கப்பட்டன. 2017 மே மாதம் 3டிஎஸ் கருவிகளுக்கும் இதே கதிதான்.

திருட்டு கேமைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதுல எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தத் தடை ஆள் மேல விழாமல் கருவி மேல விழுகிறது. மாற்றியவர் விற்றுவிட்டுப் போயிடுவார், வாங்கியவர்தான் மாட்டுவார். நிலத்தை விற்றவர் செஞ்ச தப்புக்கு, வாங்கினவர் வயலின் மடையை அடைக்கிற மாதிரி.

"ஆஃப்லைனில் ஆடலாமே" என்பார்கள். ஸ்விட்ச் 2-க்கு வரும் 'கேம்-கீ கார்டு'களில் சாவி மட்டும்தான் இருக்கு. கேமை இணையத்திலிருந்துதான் இறக்கணும். இறக்க வழியில்லாத கருவியில் அந்தக் கார்டு வெறும் பிளாஸ்டிக். போதாததுக்கு, 2025 மே மாதம் திருத்திய அமெரிக்க ஒப்பந்தத்தில், விதியை மீறினால் கருவியையே நிரந்தரமாக முடக்கலாம் என்றும் சேர்த்தார்கள். சேவையை நிறுத்துவது வேறு, காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கெடுப்பது வேறு.

இந்தியாவில் நிண்டெண்டோ நேரடியாக விற்பதில்லை. சீர்காழியில் இருப்பவர் சென்னை ரிச்சி தெருவையோ, வெளிநாட்டுச் சொந்தக்காரரையோ, பழைய கருவியையோதான் நம்பணும். பழைய செல்போன் என்றால் ஐஎம்இஐ எண்ணை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, கறுப்புப் பட்டியலில் இருக்கான்னு பார்த்துடலாம். அரசு செல்போனுக்குச் செய்ததை, தடை போடும் நிறுவனம் தன் கருவிக்குச் செய்யக்கூடாதா? சீரியல் எண்ணைப் போட்டால் நிலை தெரியட்டும். அதுக்கப்புறம் வாங்கினால் பொறுப்பு நம்மளோடது.