பிடரியும் முகமும்

ஜான் ஃபாவ்ரோ 2019இல் எடுத்த 'தி லயன் கிங்' படத்தில் பிடரி மயிரைக் குறை சொல்ல முடியாது. காற்றடித்தால் இழை இழையாக அசைகிறது. ஆனால் தகப்பன் செத்துக் கிடக்கையில் குட்டியின் முகத்தில் ஒன்றும் இல்லை. 1994இல் வந்த படத்தில் சித்திரக்காரன் புருவக் கோட்டைச் சற்றே வளைத்தான். நமக்குத் தொண்டை அடைத்தது.

புதுச் சிங்கத்துக்கு உழைத்தவர்களில் பலர் நமக்கு அண்டை ஊர்க்காரர்கள். எம்.பி.சி. என்ற நிறுவனத்தின் லண்டன் நிலையத்தோடு பெங்களூர் நிலையமும் இதில் வேலை செய்தது. ஓசூரில் பஸ் ஏறி, ஜூஜுவாடி, அத்திப்பள்ளி தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டர். இத்தொழிலில் ஒருவருக்கு உடல், ஒருவருக்கு மயிர், ஒருவருக்கு வெளிச்சம். ஒரு வினாடிப் படத்துக்கு 24 சட்டங்கள். மயிரைப் பார்ப்பவருக்குச் சிங்கம் ஏன் அழுகிறது என்று தெரிய வேண்டியதில்லை.

பங்குபோட்ட வேலையை நான் பழிக்கவில்லை. ஓசூர் டைட்டன் கடிகாரமும் பல கைகள் கூடிச் செய்ததுதான். கடிகாரம் நேரம் காட்டினால் போதும். சிங்கத்துக்கு அது போதாது. முகத்தை நிஜ மிருகம்போல் வைத்தது டைரக்டரின் தீர்மானம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூர்க்காரரை யாரும் யோசனை கேட்டிருக்கப் போவதில்லை.

2024 டிசம்பரில் எம்.பி.சி. உழைப்பிலேயே 'முஃபாஸா' வந்தது. 2025 பிப்ரவரியில் தாய் நிறுவனம் டெக்னிகலர் நொடித்தது. இந்திய நிலையமும் மூடப்பட்டு, சுமார் 3,000 பேருக்கு வேலை போயிற்று. படம் வெளியாகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.