ஓசையைக் கேட்கும் கல்வி

கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி 1945-இல் தொடங்கப்பெற ஜி. டி. நாயுடுவின் கொடையே பெருந்துணை. அதன் முதல்வராயிருந்த அவர், நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டே போதும் என்றார், அரசு ஏற்கவில்லை, பதவி விலகினார். அவர் கருத்து பாதிதான் சரி. எத்தனை ஆண்டு என்பதைவிட, எதைக் கற்பிக்கிறோம் என்பதே முக்கியம்.

வத்திராயிருப்பில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும் வேன், நியூட்ரலில் நிற்கிறது, உள்ளே இரைச்சல். கிளட்சை மிதித்ததும் இரைச்சல் நின்றால், கியர் பெட்டியின் முன்தண்டு பேரிங்கை ஐயுறலாம். மிதித்தால் அத்தண்டு சுழலாதல்லவா? மிதிக்கும்போது மட்டும் இரைந்தால், ஐயம் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் மீது. ஒன்றை மட்டும் மாற்றி விளைவைப் பார்க்கும் இதுவே அறிவியல் சோதனை. இதில் தவறினால் நல்ல கியர் பெட்டியை வீணே பிரிப்போம். வண்டிக்காரருக்குப் பணமும் நாளும் நட்டம்.

வகுப்பிலோ 40 பல், 20 பல் என்று விகிதக் கணக்கோடு நிறுத்துகிறோம்; நானும் அப்படித்தான். மாணவருக்குக் காரணம் தெரியும், காது பழகவில்லை. பட்டறை இளைஞருக்குக் காது பழகியது, காரணம் சொல்வாரில்லை. இவ்விருவரையும் ஒரே வண்டியின் முன் நிறுத்தாத படிப்பு, இரண்டாண்டானாலும் குறையுடையதே.