சிற்றாறும் இரு சிற்றிலக்கியங்களும்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பிற்காலச் சிற்றிலக்கியங்களைப் பற்றிப் பேசுமிடத்துப் பெரும்பாலும் ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டு அப்பால் சென்றுவிடுகின்றன. சங்கச் சான்றோர் இயற்கையை உள்ளவாறு கண்டனர், பிற்காலப் புலவரோ கற்பனையில் மிதந்தனர் என்பதே அத்தீர்ப்பு. குறவஞ்சி மிகைபடக் கூறுவது, பள்ளு பெயர்களை அடுக்குவது என்று மாணவரும் மனப்பாடம் செய்துகொள்கின்றனர். இது முற்றும் பொருந்தாது என்பதை ஒரு சிறு மலையாற்றின் துணைகொண்டு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாற்றின் பெயரே சிற்றாறு. அதன் தலைப்பில் பிறந்தது திருக்குற்றாலக் குறவஞ்சி. அது சென்று கலக்கும் இடத்தில் பிறந்தது முக்கூடற் பள்ளு. தனித்தனியே படிக்கும்போது குறையாகத் தோன்றுவன, ஆற்றின் போக்கிலே சேர்த்துப் படிக்கும்போது வேறு பொருள் தருகின்றன.

ஆற்றின் இயல்பு

மேற்குத் தொடர்ச்சி மலையில், திரிகூடமலை எனப் புலவர் போற்றும் குற்றால மலையில் சிற்றாறு தோன்றுகிறது. தேனருவி, செண்பகாதேவி அருவி எனப் படிப்படியாக இறங்கிப் பேரருவியாய் வீழ்கிறது. வீழும் வழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழி நீரின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதாலேயே கீழே நிற்போர் அஞ்சாது நீராட முடிகிறது. பின்னர்த் தென்காசியைக் கடந்து, அனுமன் நதி முதலிய துணையாறுகளை ஏற்று, வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் வழியாக ஓடிச் சீவலப்பேரியில் பொருநையாகிய தாமிரபரணியோடு கலக்கிறது. 2019ஆம் ஆண்டில் தென்காசி தனி மாவட்டமான பின், இவ்வாறு ஒரு மாவட்டத்தில் பிறந்து மற்றொரு மாவட்டத்தில் முடிகிறது.

இதன் பள்ளத்தாக்கை அறிய விரும்புவோர் முதலில் அறிய வேண்டுவது மழையை. நாம் வாழும் ஐதராபாத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. மல்லாபூருக்குத் தெற்கே, உப்பல் பக்கமாக ஓடும் மூசியும் விகாராபாத்தை அடுத்த அனந்தகிரிக் குன்றுகளில் தோன்றுவதே. 1908 செப்டம்பரில் இந்நகரை அழித்த அதன் பெருவெள்ளமும் இப்பருவத்தில் வந்ததே. சிற்றாற்றின் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரலாய்த் தூவுகிறது. ஆனால் கிழக்கே சில கல் தொலைவு சென்றால் அம்மழை இல்லை. அது மலையின் மறைவு நிலம். அங்குள்ள குளங்கள் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையால். ஆகவே சிற்றாறு இரு பருவங்களின் பிள்ளை. கோடையின் இறுதியில் மலை நனைய, சமவெளி காய்ந்து கிடக்கும். அப்போது மலையிலிருந்து இறங்கும் நீரே வயலுக்கு வரும் முதற் செய்தி. இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டு நூல்களுக்குள் புகுவோம்.

மலையின் நூல்

குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தை அடுத்த மேலகரத்தைச் சார்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இவருக்கு அளித்த நிலம் குறவஞ்சிமேடு என வழங்கப்பெற்றது. இந்நூலுள் யாவரும் அறிந்த பகுதி, வசந்தவல்லி கேட்கக் குறத்தி தன் மலைவளம் கூறுவது. மந்திக்குக் கனி கொடுத்துக் கொஞ்சும் குரங்குகளும், தேனருவியின் அலை வானளாவ எழுதலால் கதிரவனின் குதிரைக்கால்களும் தேர்ச்சக்கரமும் வழுக்குதலும் பள்ளிப் பாடத்திலேயே நமக்கு அறிமுகமானவை.

இதனை வெறும் உயர்வு நவிற்சி என்பார்க்கு ஒரு விடை உண்டு. சாரற் காலத்தில் குற்றாலத்தில் நாட்கணக்கில் ஞாயிற்றை முழுமையாகக் காண்பதரிது. மலைமுடியில் மேகம் எது, அருவியின் தூவல் எது எனப் பிரித்தறிய இயலாது. கதிரவன் வருவதும் மறைவதுமாய்த் தடுமாறுவான். அத்தடுமாற்றத்திற்குக் கவிராயர் கூறிய காரணமே தேர் வழுக்கியது என்பது. காரணம் கற்பனை. ஆனால் அது விளக்க வந்த காட்சி, அவ்வூரார் ஆண்டுதோறும் காண்பது.

பெரும்பாலோர் இத்துடன் நூலை மூடிவிடுகின்றனர். அதனால் ஓர் அரிய பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. சிங்கனும் நூவனும் பறவை பிடிக்க முனையும் இடத்தில், பறவைக் கூட்டங்கள் மலைச்சாரலிலிருந்து வயல்களுக்கு இறங்குகின்றன. அவ்விறக்கத்திற்குச் சிற்றாற்றின் வெள்ளத்தையே கவிராயர் உவமையாக்குகிறார். செங்குளம், பேட்டைக்குளம், ஆயிரப்பேரி என நீர்நிலைகளும் பற்றுகளும் வரிசையாய் வருகின்றன. அயிரை, தேளி, ஆரால் என மீன்களும் பெயர் பெறுகின்றன. பறவை செல்லும் வழியும் நீர் செல்லும் வழியும் ஒன்றே. கணக்கரின் ஏடு போன்ற இவ்வரிசை சந்தத்தில் மறைந்து நிற்கிறது. மலையைப் பாடிய கவிஞர் அதன் அடியிலுள்ள குளங்களை மறந்தாரல்லர். மறந்தது பாடத்தொகுப்பாளரும் நாமுமே.

கூடலின் நூல்

முக்கூடற் பள்ளு ஆசிரியர் பெயர் தெளிவாகத் தெரியாத நூல். முக்கூடல் என்னும் பெயரில் இன்று பொருநைக் கரையில், மேற்கே ஓர் ஊர் உண்டு. நூல் குறிப்பது அதனையன்று, சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியையே. அங்குக் கோயில் கொண்ட அழகரே நூலின் தலைவர். இவ்விடத்தை அறியாது படிப்போர்க்கு நூலின் வெள்ளம் எங்கிருந்தோ வருவதாகத் தோன்றும். அறிந்து படிப்போர்க்கு, பொதியில் வழிவந்த நீரும் குற்றாலத்து நீரும் ஒன்றாகி வருவது விளங்கும்.

வெள்ளம் வருவதற்கு முன் அதன் அறிகுறிகளை இந்நூல் கூறுமிடம் தமிழிலக்கியத்தின் சிறந்த நோக்குகளுள் ஒன்று என்பேன். மலையாளத் திசையிலும் ஈழத் திசையிலும் மின்னல் தோன்றுகிறது. காற்று கிளைகளைச் சுற்றிச் சுழல்கிறது. கிணற்றுத் தவளை கூவுகிறது. நண்டு சேறு கொண்டு தன் வளையை அடைக்கிறது. இவற்றுள் மின்னல் தோன்றும் இரு திசைகளை நோக்குக. மேற்கு மலைக்கு அப்பாலுள்ளது மலையாளம், கடலுக்கு அப்பாலுள்ளது ஈழம். அவ்வாற்றுக்கு நீர் தரும் இரு வழிகளும் அவையே. ஓசைக்காக அமைந்த இணையென இதனைக் கடந்து செல்லலாகாது. வானிலைக் கூடம் இல்லாத காலத்தில் உழவர் கண்டறிந்த அறிவு இது.

நூலின் கதையமைப்பும் நிலத்தை ஒட்டியதே. மூத்த மனைவி ஆசூர் வடகரை நாட்டையும், இளையவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டையும் புகழ்கின்றனர். சக்களத்தியர் இருவர், கரைகளும் இரண்டு. ஒருத்தி திருமாலையும் மற்றொருத்தி சிவனையும் பழித்துச் சண்டையிட்டு முடிவில் ஒன்றுபடுகின்றனர். ஆறுகள் கூடும் ஊரில் இதனினும் பொருத்தமான முடிவு வேறில்லை.

இனி, அடுக்குதல் என்னும் குற்றச்சாட்டு. நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை என இந்நூல் அடுக்குவது உண்மை. ஆனால் விதைப்பவனுக்கு எந்த நெல் என்பது அணியன்று, வாழ்வு. மேலும் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சியும் இங்குண்டு. நீர் எல்லார்க்கும் பொதுவாய் வருகிறது, அதன் விளைவோ பொதுவாய்ச் சென்று சேர்வதில்லை என்பதை நகைச்சுவைக்கிடையே இந்நூல் காட்டிவிடுகிறது. குறவஞ்சியின் மலையில் இத்தகைய துயரம் தலைகாட்டுவதில்லை. சந்த இன்பத்தில் குறவஞ்சியே விஞ்சும். நிலத்தையும் அதில் உழைப்பவனையும் கூர்ந்து நோக்கியதில் பள்ளே விஞ்சும் என்பது என் துணிபு.

சேர்த்துப் படித்தல்

இரு நூல்களிலும் ஒரு குறை உண்டு. தென்காசிக்கும் சீவலப்பேரிக்கும் இடைப்பட்ட நெடுவழி இவற்றுள் விரிவாக இடம்பெறவில்லை. ஆற்றின் பெரும்பகுதி அதுவே. அணைக்கட்டுகளும் கால்வாய்களும் குளங்களுமாய், ஆறு ஆறாக அன்றி வயலாக மாறுவது அங்கேதான். ஆயினும் இரு முனைகளிலும் உள்ள ஊர்ப்பெயர்கள் அவ்விடைவெளியை ஒருவாறு இணைக்கின்றன. மேலே ஆயிரப்பேரி, கீழே சீவலப்பேரி. பேரேரி என்பதே பேரி எனக் குறுகியது என்பர். மலையடி முதல் கூடல் வரை மக்கள் செய்தது நீரைத் தேக்கும் தொழில் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் சுவைக்காக அன்று. விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் செல்லும் நம் குடும்பங்கள் ஒருநாள் குற்றாலத்தில் நீராடி எண்ணெய் தலையோடு திரும்புகின்றன. பிள்ளைகளுக்கு அருவி தெரிகிறது, ஆறு தெரிவதில்லை. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கவர்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்கடற் பக்கமிருந்து வந்த மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பொழிய, பொருநை கரைபுரண்டது. ஒன்று மலையில் கண்ட ஆபத்து, மற்றொன்று ஈழத் திசை மின்னல் முன்பே கூறிவைத்த ஆபத்து. அருவியின் அழகை மட்டும் கற்ற கண்ணுக்கு இவை புலப்படுவதில்லை. தவளையின் குரலையும் நண்டின் வளையையும் கவனித்த அந்தப் பள்ளு உழவனிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது.

ஆகவே, வெளிமாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைவளப் பாட்டோடு நிறுத்தாதீர்கள். சுவரில் ஒரு நெல்லைச் சீமை வரைபடத்தை மாட்டி, குறவஞ்சியின் பறவைகள் இறங்கும் குளங்களைக் காட்டி, சிற்றாற்றின் வழியே விரலை நகர்த்திச் சீவலப்பேரியில் பள்ளைத் திறவுங்கள். சிற்றாறு என்பதிலும் சிற்றிலக்கியம் என்பதிலும் உள்ள சிறுமை அளவைக் குறிப்பதேயன்றித் தகுதியைக் குறிப்பதன்று என்பதைப் பிள்ளைகள் தாமே உணர்ந்துகொள்வர்.