எங்க பக்கத்து மலை, சில படங்கள்

பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர். அதனாலேயே '16 வயதினிலே' (1977) எங்க பக்கம் எடுத்த படம்னு சின்னமனூர் டீக்கடையில் சத்தியம் பண்ணுகிறவர்கள் இன்னமும் உண்டு. எடுத்தது கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம். 'முதல் மரியாதை' (1985) ஆறும் காவிரிதான், எங்க முல்லையாறு இல்லை. நிலம் இரவல். பேச்சும் கோபமும் இங்கிருந்து போனவை. '16 வயதினிலே'யில் இன்னைக்கும் அசையாமல் நிற்பது, மயிலையும் சப்பாணியையும் விட, காந்திமதியின் குருவம்மாதான். அந்த வாயை இந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தெருவிலும் கேட்கலாம்.

'முதல் மரியாதை' எனக்கு இப்போது உறுத்துகிறது. சிவாஜி எவ்வளவு அடக்கி நடித்திருக்கிறார், சரி. ஆனால் அவரை உயர்த்திக் காட்ட, வடிவுக்கரசியின் பொன்னாத்தாவைப் பேயாக்க வேண்டியிருக்கிறது. அவள் பக்க நியாயத்தைப் படம் கேட்கவே இல்லை.

'கருத்தம்மா' (1994) பிரச்சாரமாகச் சரியும் இடங்களில் பெரியார்தாசன் தாங்கிப் பிடிக்கிறார். 'மைனா'வில் (2010) மலை அழகாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மலையை அழகாகக் காட்டுவது லேசு. மழை முடிஞ்சு நாலு நாள் கழிச்சு மேகமலைக்கு கேமராவைத் தூக்கிட்டுப் போனால் போதும். மலை ஏறுகிறவன் காலை எப்படிக் காட்டுவது? லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) இதைத்தான் செய்தது. ரங்கசாமி கீழிருந்து மேலே ஏறுவதும், ஏலக்காய் மூட்டையோடு இறங்குவதுமே படத்தில் பாதி. கதை எங்கேடா என்று தியேட்டரில் முனகல் கேட்டது. கதை அந்த நடைதானே? கால் காணி நிலம் வாங்க ஒருத்தன் எத்தனை தடவை ஏறி இறங்கணும் என்கிற கணக்கு. மூட்டை நழுவி உருண்டு ஏலக்காய் சிதறும் இடத்தில் யாரும் கதறுவதில்லை. தேனி ஈஸ்வரின் கேமராவும் ஒதுங்கித்தான் நிற்கிறது. அந்த ஒதுக்கம்தான் அடிவயிற்றைப் பிசைகிறது.

பின்பாதியில் படம் அவசரப்படுகிறது. சங்கம், கொலை, சிறை, கடன் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. முன்பாதியின் மூச்சு அங்கே இல்லை. ஆனாலும் கடைசிக் காட்சிக்கு இந்தக் குறையை மன்னிக்கலாம். தன் நிலமாக இருந்த இடத்தில், காற்றாலைக்குக் காவலாளியாக, யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே போகப்போக மனுசன் புள்ளியாகிறான், காற்றாடிகள் கூடிக்கொண்டே போகின்றன. எங்க மாவட்டத்துக் காற்றாலைகளைப் பஸ் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தே பழகிய எனக்கு, அதுக்குக் கீழே யார் நிலம் இருந்தது என்ற கேள்வி அதுவரை வந்ததில்லை.

மணிகண்டனின் 'கடைசி விவசாயி'யும் (2022) நிலத்தைத்தான் பேசுகிறது, வேறு தொனியில். விஜய் சேதுபதி வரும் பகுதி தனியாகத் தொங்குகிறது என்பது என் எண்ணம். நல்லாண்டி அய்யா வரும் எந்தக் காட்சியையும் வெட்ட முடியாது. விதையில்லாத தக்காளி வந்திருக்கு என்று கடைக்காரர் சொன்னதும், விதையே இல்லாம எப்படிய்யா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார். நடிப்பென்றே சொல்ல முடியாது. எங்க வயக்காட்டுப் பெருசுகள் உரக்கடையில் அப்படித்தான் முழிப்பார்கள். மயில்களைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு. அவர் உள்ளே இருக்கிறார், வெளியே பயிர் காய்கிறது. அதுக்குத் தண்ணி பாய்ச்சப் போலீஸ்காரரையே அனுப்புகிறார் மாஜிஸ்ட்ரேட். சட்டம் வரப்பில் இறங்கி நடந்த வேறொரு தமிழ்ப் படம் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை.